சர்க்கரை, சிக்கல், இதயம்: சென்னை வீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

சென்னையில் நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றிய கணக்கெடுப்புகளுக்காக வீடு வீடாகச் செல்லும் களப்பணியில் பல ஆண்டுகள் இருந்தவள் நான். பெரம்பூரில் ஏறிய மாடிப்படியிலும் மந்தைவெளியில் உட்கார்ந்த திண்ணையிலும் என்னிடம் கேட்கப்பட்ட ஐயங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்ததால், அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளைக் கீழே தந்திருக்கிறேன். யார் எந்த மாத்திரை சாப்பிட வேண்டும் என்பதை அவரவர் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆய்வுகள் தரும் எண்களை எப்படிப் படிப்பது என்பது வரைதான் என் பேச்சு.

1. "சுகர் இருக்கறவங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வர்றாங்களே, அங்கயே எண்ணிக்க வேண்டியதுதானே? எதுக்கு வீட்டுக்கு வந்து ஊசி குத்தறீங்க?"

மருத்துவமனையில் எண்ணினால், அங்கே வருவதற்கு ஏதோ ஒரு காரணம் உள்ளவர்களை மட்டுமே எண்ணியதாகும். ஆறாத கால்புண்ணும் மங்கிய பார்வையும் உள்ளவர்கள் அங்கே மிகுதியாக இருப்பார்கள். தமக்கு நோய் இருப்பதே தெரியாமல் ரங்கநாதன் தெருவில் துணி மடித்துக்கொண்டிருப்பவர் அந்தக் கணக்கில் சேரவே மாட்டார். ஓர் ஊரில் நோய் எவ்வளவு, அதன் சிக்கல்கள் எவ்வளவு என்று அறிய வேண்டுமானால், நோய் உள்ளவரா இல்லாதவரா என்று பாராமல் தெருவிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

இந்தப் பக்கத்தில் அடிக்கடி வரப்போகும் இரண்டு ஆய்வுகளை இங்கேயே அறிமுகப்படுத்திவிடுகிறேன். ஒன்று 'கப்ஸ்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சென்னை நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வு. 1996-97இல் தியாகராய நகரில் நடுத்தர வருவாயினர் வாழும் ஒரு குடியிருப்பிலும் திருமங்கலத்தில் குறைந்த வருவாயினர் வாழும் ஒரு குடியிருப்பிலும் 20 வயது நிரம்பிய 1,399 பேரை அணுகி, அவர்களில் 1,262 பேரைப் பரிசோதித்தார்கள். மற்றொன்று 'க்யூர்ஸ்' எனப்படும் சென்னை நகர்ப்புற, ஊரக நோய்ப்பரவல் ஆய்வு. 2001இல் தொடங்கிய இந்த ஆய்வு, அன்றைய மாநகராட்சியின் 155 வட்டங்களில் 46 வட்டங்களைத் தேர்ந்து 26,001 பேரைச் சோதித்தது. பிறகு சர்க்கரை உள்ளவர்களை வரவழைத்துக் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்த்தது. இரண்டையும் நடத்தியது டாக்டர் வி. மோகன் தலைமையிலான மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன்.

2. "காம்ப்ளிகேஷன், காம்ப்ளிகேஷன்னு சொல்றீங்களே, அது என்னென்ன? ஹார்ட்டும் அதுல வருமா?"

வரும். சிக்கல்களை இரண்டு கூட்டமாகப் பிரிப்பது வழக்கம். விழித்திரை, சிறுநீரக வடிகட்டிகள், நரம்புகள் ஆகியவற்றின் மிக நுண்ணிய இரத்தக்குழாய்கள் கெடுவது ஒரு கூட்டம். இதயம், மூளை, கால் ஆகியவற்றுக்குச் செல்லும் பெரிய குழாய்களில் கொழுப்புப் படிந்து அடைபடுவது மற்றொரு கூட்டம். மாரடைப்பு, பக்கவாதம், காலில் இரத்தவோட்டம் குறைதல் ஆகியவை இதில் அடங்கும்.

இந்த இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பல விடைகள் இதைச் சார்ந்திருக்கின்றன. நுண்குழாய்ச் சிக்கல்கள் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு காலம் எந்த அளவில் இருந்தது என்பதோடு நெருக்கமாக இணைந்தவை. பெருங்குழாய்ச் சிக்கல்களில் சர்க்கரை ஒரு பங்காளி மட்டுமே. இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, புகைபிடித்தல், வயது ஆகியவையும் அங்கே பங்கு கேட்டு நிற்கின்றன.

3. "சென்னையில எத்தனை பேருக்குச் சுகர்? ஒவ்வொரு பேப்பர்ல ஒவ்வொரு கணக்குப் போடறானே?"

சென்னையில் நடந்த ஆய்வுகளை வரிசையாக வைத்தால் 1989இல் 8.3 சதவீதம், 1995இல் 11.6, 2000இல் 13.5, க்யூர்ஸில் 14.3 என்று ஏறிக்கொண்டே வருகிறது. அதே க்யூர்ஸ் ஆய்வில் 15.5 என்ற எண்ணையும் நீங்கள் பார்க்கலாம். சோதித்தவர்களில் நேரடியாகக் கண்டது 15.5, ஊரின் வயது அமைப்புக்கு ஏற்பச் சீராக்கியபின் கிடைத்தது 14.3. முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். முதியவர் அதிகமாக உள்ள தெருவில் எந்த நோயும் கூடுதலாகத்தான் தெரியும்.

எண்கள் வேறுபட இன்னும் காரணங்கள் உண்டு. எந்த வயதிலிருந்து சேர்த்தார்கள், வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் என்ற எல்லையை மட்டும் பார்த்தார்களா, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 என்ற எல்லையையும் பார்த்தார்களா, நகரம் மட்டுமா, கிராமமும் சேர்ந்ததா என்று கேட்டுப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 2008 முதல் 2020 வரை நாடு முழுவதும் 1,13,043 பேரிடம் நடந்த ஆய்வு 11.4 சதவீதம் என்றும், அதன்படி நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேர் என்றும் 2023இல் அறிவித்தது. அந்த 11.4 கிராமங்களையும் சேர்த்தது. எனவே சென்னையின் 14.3ஐ அதன் பக்கத்தில் வைத்து 'நோய் குறைந்துவிட்டது' என்று எழுதுவது தவறு; அப்படி எழுதியதையும் ஒருவர் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்.

4. "சுகர் வந்தா பாதிப் பேருக்குக் கண்ணு போயிடும்னு சொல்றாங்களே மேடம், நெசமா?"

தெருவில் எடுத்த கணக்கு அப்படிச் சொல்லவில்லை. க்யூர்ஸ் கண் ஆய்வில் நான்கு கோணங்களில் விழித்திரையைப் படம்பிடித்துப் பார்த்தபோது, சர்க்கரை உள்ளவர்களில் 17.6 சதவீதத்தினருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது. முன்பே நோய் அறிந்தவர்களில் 20.8, அந்த ஆய்விலேயே புதிதாகக் கண்டறியப்பட்டவர்களில் 5.1. சென்னையிலேயே சங்கர நேத்ராலயா தனியாக நடத்திய ஆய்வு, 40 வயதைக் கடந்த சர்க்கரை நோயாளிகளில் 18 சதவீதம் என்று கண்டது. இரண்டு வேறு குழுவினர் வேறு வேறு ஆட்களைப் பார்த்து ஏறத்தாழ ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்ததால், இந்த எண்ணின்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். கண் மருத்துவமனையில் பார்த்தால் இதைவிட மிகக் கூடுதலாகத் தெரிவதற்கான காரணம் முதல் விடையிலேயே இருக்கிறது.

'பாதிப்பு' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். விழித்திரையில் ஊசிமுனை அளவு இரத்தக்கசிவு ஒன்றிரண்டு இருந்தாலும் இந்தக் கணக்கில் சேரும். அவருக்குப் பார்வை முழுமையாகவே இருக்கும். அதனால்தான் படம்பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 'எனக்கு நல்லாத்தானே தெரியுது, பேப்பர் படிக்கறேனே' என்று மறுப்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். நோய் வந்து ஒவ்வோர் ஐந்து ஆண்டு கூடும்போதும் விழித்திரைப் பாதிப்புக்கான வாய்ப்பு 1.89 மடங்காகிறது என்றும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சதவீதம் 2 புள்ளி கூடும்போது 1.7 மடங்காகிறது என்றும் அதே ஆய்வு கணித்தது. காலத்தை நிறுத்த நம்மால் ஆகாது. இரண்டாவதில் மட்டும் நமக்கு ஏதோ ஒரு பிடி இருக்கிறது.

5. "போன மாசம்தான் சுகர்னு சொன்னாங்க. அதுக்குள்ள காலு மதமதன்னு இருக்கே, எப்படி?"

நோய் கண்டறியப்பட்ட நாளும் நோய் தொடங்கிய நாளும் வேறு. இடையில் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் கழிந்திருக்கும். க்யூர்ஸில் நரம்புப் பாதிப்பு 26.1 சதவீதத்தினருக்கு இருந்தது. புதிதாகக் கண்டறியப்பட்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தாலும் 19.5 சதவீதம். கால் கட்டைவிரலில் அதிரும் கருவியை வைத்து, அதிர்வை மெல்லக் கூட்டி, எந்த அளவில் அவர் உணர்கிறார் என்று பார்ப்பதே அந்தச் சோதனை. 20 வோல்ட் வரை உணராதவர் பாதிக்கப்பட்டவராகக் கணக்கிடப்பட்டார்.

முந்தைய விடையில் புதியவர்களிடையே கண் பாதிப்பு 5.1 என்று பார்த்தோம், இங்கே கால் 19.5 என்கிறோமே என்று ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்னை மடக்கினார். நல்ல கேள்வி. அதிர்வை உணரும் திறன் வயதானாலே குறையும். பி12 குறைவு, மதுப்பழக்கம் ஆகியவையும் நரம்பைக் கெடுக்கும். ஆகவே அந்த 19.5 முழுவதையும் சர்க்கரையின் தலையில் போட இயலாது. விழித்திரையில் காணும் மாற்றமோ சர்க்கரையின் கையெழுத்துப் போன்றது, வேறொன்றோடு குழப்பிக்கொள்வது கடினம்.

6. "யூரின்ல புரதம் போகுதுன்னு வந்திருக்கு. கிட்னி போச்சா?"

எவ்வளவு போகிறது என்பதைப் பொறுத்தது. சிறுநீரில் ஒரு கிராம் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளுக்கு 30 முதல் 300 மில்லிகிராம் வரை ஆல்புமின் என்ற புரதம் போவது தொடக்க நிலை, க்யூர்ஸில் 26.9 சதவீதத்தினர் இந்த நிலையில் இருந்தார்கள். அதைத் தாண்டிய வெளிப்படையான சிறுநீரகப் பாதிப்பு 2.2 சதவீதத்தினருக்குத்தான் இருந்தது. தொடக்க நிலையில் உள்ள பலர் அங்கேயே நிற்கிறார்கள், சிலருக்குச் சரியாகிவிடுவதும் உண்டு. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடலுழைப்பு ஆகியவற்றாலும் தற்காலிகமாகக் கூடும் என்பதால் ஒரே முறை பார்த்து முடிவு கட்டுவதில்லை.

ஆனால் இந்த ஆல்புமினை இதய ஆய்வாளர்களும் உற்றுப் பார்க்கிறார்கள். சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் கசிகின்றன என்றால் உடலெங்கும் குழாய்களின் உட்சுவர் நலம் குன்றியிருக்கிறது என்று பொருள். அத்தகையோருக்கு மாரடைப்பும் கூடுதலாக வருவது பல நாடுகளில் காணப்பட்டிருக்கிறது. இதே ஆல்புமின் கசிவு உள்ளவர்களை வைத்து டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு 14ஆம் விடையில் வரும்.

7. "சர்க்கரைக்கும் மாரடைப்புக்கும் சம்பந்தம்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

பொறுமையாகப் பின்தொடர்ந்து கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவின் ஃப்ராமிங்காம் என்ற ஊரில் 1948 முதல் 5,209 பேரைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இதயநோய் கூடுதலாக வருகிறது என்பது 1970களின் இறுதியில் அங்கே தெளிவாகக் காட்டப்பட்டது. 2010இல் 102 ஆய்வுகளையும் அவற்றிலிருந்த ஏறத்தாழ 7 இலட்சம் பேரையும் சேர்த்துப் பார்த்தபோது, வயது, புகை, அழுத்தம் முதலியவற்றைக் கழித்த பிறகும் சர்க்கரை உள்ளவருக்கு இதயக்குழாய் நோய்க்கான வாய்ப்பு இரண்டு மடங்கு என்று வந்தது.

நம் ஊருக்கு வந்தால், கப்ஸ் ஆய்வில் இதயக்குழாய் நோய் மொத்தத்தில் 11 சதவீதம்: சர்க்கரை இயல்பாக உள்ளவர்களில் 9.1, இடைநிலையில் உள்ளவர்களில் 14.9, நீரிழிவு உள்ளவர்களில் 21.4. படிப்படியாக ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் நீரிழிவு உள்ளவர்கள் பொதுவாக வயதிலும் மூத்தவர்கள் என்பதால், 21.4இலிருந்து 9.1ஐக் கழித்து மீதி முழுவதும் சர்க்கரையால் வந்தது என்று சொல்லக்கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53; மற்ற நாட்டவர்களுக்கு ஏறத்தாழ 59. நம் இரத்தத்தில் ஏதோ சாபம் இருப்பதாகப் பலர் இதற்குப் பொருள் கொள்கிறார்கள். அந்த ஆய்வாளர்கள் கண்டதோ, புகை, கொழுப்பு, சர்க்கரை, அழுத்தம் போன்ற அதே காரணங்கள்தான் இங்கும் வேலை செய்கின்றன, இளவயதிலேயே வந்துவிடுகின்றன என்பதே.

8. "நெஞ்சு வலியே வந்ததில்ல எனக்கு. ஈசிஜி பார்த்துட்டு பழைய அட்டாக்னு எப்படிச் சொல்லலாம்?"

சொல்ல முடியும். ஃப்ராமிங்காமில் 30 ஆண்டுக் கண்காணிப்பில் பதிவான மாரடைப்புகளில் ஆண்களுக்கு 28 சதவீதமும் பெண்களுக்கு 35 சதவீதமும் வந்தபோது அறியப்படாதவை. பிறகு ஈசிஜியில்தான் தெரிந்தன. இதயத்திலிருந்து வலியைக் கொண்டுவரும் நரம்புகளும் சர்க்கரையால் மரத்துப்போகக்கூடும் என்பதால், நீரிழிவு உள்ளவர்கள் வலியை மட்டும் நம்பியிருக்க இயலாது. மூச்சிரைப்பு, காரணமில்லாத வியர்வை, 'கேஸ்' என்று சோடா குடித்துச் சமாளித்த இரவு ஆகியவையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவையே.

அதே வேளையில், ஈசிஜியில் காணும் எல்லா மாற்றமும் மாரடைப்பின் தடம் அன்று. ஆய்வுகளில் இதைப் படிப்பவர் மனம்போல் முடிவு செய்யாதிருக்க 'மின்னசோட்டா குறியீடு' என்ற பொது விதிமுறை இருக்கிறது. கப்ஸும் அதையே கையாண்டது. ஒரு சிறு அலை மாற்றத்தையும் சேர்த்தால் சதவீதம் ஏறும், உறுதியான தடத்தை மட்டும் எடுத்தால் இறங்கும். இரண்டு ஊர்களின் இதயநோய்ச் சதவீதத்தை ஒப்பிடும் முன் நான் முதலில் தேடுவது இந்த வரையறையைத்தான்.

9. "நான் ஒல்லியாத்தானே இருக்கேன்?"

எடை குறைவாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்புச் சேர்ந்திருப்பது நம்மவர்களிடம் பரவலாகக் காணப்படுவது. அதனால்தான் ஐரோப்பியர்களுக்கு உடல் நிறை எண் 25 என்று இருக்கும் கூடுதல் எடை எல்லையை நமக்கு 23 என்று இறக்கியிருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பது எல்லை. சேலைக்கும் வேட்டிக்கும் அளவு தேவைப்படாததால் பலர் தம் இடுப்பளவை அறியாமலே இருக்கிறார்கள். நாடாவைச் சுற்றியதும் எழும் வியப்பை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

க்யூர்ஸ் தரவிலிருந்து 2005இல் உருவான இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் இதை எளிமையாக்கியது. வயதுக்கு 30 வரை, இடுப்புச் சுற்றளவுக்கு 20 வரை, உடலுழைப்பின்மைக்கு 30 வரை, பெற்றோர் இருவருக்கும் நீரிழிவு இருந்தால் 20. மொத்தம் 60ஐ எட்டினால் இரத்தம் சோதித்துக்கொள்ள வேண்டும். இதில் எடைக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

10. "டாக்டர் பார்டர்லதான் இருக்குன்னாரு. அப்ப ஒண்ணும் இல்லதானே?"

7ஆம் விடையில் 14.9 என்று வந்ததே, அது இந்த 'பார்டர்'காரர்களின் எண். இதயத்துக்கான அபாயம் நீரிழிவு எல்லையைத் தாண்டிய பிறகுதான் தொடங்கும் என்ற விதி இல்லை.

நல்ல செய்தியும் சென்னையிலிருந்தே வந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் இடைநிலையில் இருந்த 531 பேரை நான்கு பிரிவாக்கி மூன்று ஆண்டுகள் தொடர்ந்தார்கள். முடிவு 2006இல் வெளிவந்தது. பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் 55 சதவீதத்தினர் நீரிழிவுக்குள் சென்றனர். நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்ட பிரிவில் 39.3, மெட்ஃபார்மின் மாத்திரைப் பிரிவில் 40.5, இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடித்தவர்களில் 39.5. சேர்த்துச் செய்ததால் கூடுதல் பயன் கிட்டவில்லை. மூன்றே ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்டோர் எல்லை தாண்டினார்கள் என்ற முதல் எண்தான் என்னை அதிகம் கலக்கியது.

11. "இதெல்லாம் பணக்கார வியாதிதானே? மூட்டை தூக்கறவனுக்கு எங்க வரப்போகுது?"

ஒரு காலத்தில் இந்தக் கூற்றில் உண்மை இருந்தது. கப்ஸ் தொடங்கியபோது தியாகராய நகர்க் குடியிருப்பில் நீரிழிவு 12.4 சதவீதம், திருமங்கலம் குடியிருப்பில் 6.5. பத்து ஆண்டுகள் கழித்து அதே இடங்களுக்குத் திரும்பிச் சென்று பார்த்தார்கள். முதலாவதில் 15.4, இரண்டாவதில் 15.3. இடைவெளி காணாமற்போயிருந்தது.

மூட்டை தூக்கியவர் மினி லாரி ஓட்டுகிறார், கைவண்டி மோட்டார் வண்டியாகிவிட்டது, தட்டில் பாலிஷ் அரிசி முன்னைவிடக் கூடியிருக்கிறது. உழைப்பு குறைந்த வேகத்தில் மருத்துவ வசதி கூடவில்லை. ஆய்வில் எழுதப்படாத இந்தக் காரணங்கள் என் சொந்தக் கணிப்பு. நாடளாவிய ஆய்வும் 2017இல், வளமான மாநிலங்கள் சிலவற்றின் நகரங்களில் வசதி குறைந்தவர்களிடையேதான் நீரிழிவு மிகுதி என்று சொன்னது. கால்புண்ணோ மாரடைப்போ வந்தால் ஒரு மாத வருமானம் நின்றுபோகும் வீடுகள் இவை. எனவே 'பணக்கார வியாதி' என்ற சொல்லை எங்கே கேட்டாலும் நான் சற்றுக் கடுமையாகவே மறுப்பேன்.

12. "மாத்திரை ஒழுங்காப் போடறேன். அப்புறம் என்ன கவலை?"

மாத்திரை போடுவதும் கட்டுப்பாட்டில் இருப்பதும் வேறு வேறு. தமிழ்நாட்டில் 2020இல் நடந்த மாநில அளவிலான கணக்கெடுப்பில், நீரிழிவு உள்ளவர்களில் 10.8 சதவீதத்தினருக்கும் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும் மட்டுமே நோய் கட்டுப்பாட்டில் இருந்தது. இந்த எண்களில் நோய் இருப்பதை அறியாதவர்களும் அடக்கம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருவதன் பின்னணி இதுவே. கொண்டுவருபவரிடம் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொள்ளாமல் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

13. "சுகர் இருந்தாலே ஏற்கெனவே ஒரு அட்டாக் வந்த மாதிரின்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?"

இதற்கு ஒரு மூலம் உண்டு. 1998இல் ஃபின்லாந்து ஆய்வு ஒன்று, மாரடைப்பு வராத நீரிழிவு நோயாளிகளில் ஏழாண்டுகளில் 20.2 சதவீதத்தினருக்கு மாரடைப்பு வந்ததாகவும், நீரிழிவு இல்லாமல் ஏற்கெனவே ஒரு முறை மாரடைப்பு வந்தவர்களில் 18.8 சதவீதத்தினருக்கு மீண்டும் வந்ததாகவும் காட்டியது. இரண்டும் சமம் என்ற கருத்து மருத்துவ வழிகாட்டுதல்களுக்குள்ளும் நுழைந்தது.

பிறகு, 2009இல் 13 ஆய்வுகளில் இருந்த 45,108 பேரின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, மாரடைப்பு வராத நீரிழிவு நோயாளியின் அபாயம், நீரிழிவு இல்லாமல் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவரைவிட 43 சதவீதம் குறைவு என்று வந்தது. நேற்று நோய் கண்டறியப்பட்ட 38 வயதுக்காரரையும், இருபது ஆண்டு நோயும் ஆல்புமின் கசிவும் உள்ள 65 வயதுக்காரரையும் ஒரே தட்டில் வைப்பது பொருந்தாது. அந்த வாட்ஸ்அப் செய்தி பழைய நாளிதழ் போன்றது. அச்சான நாளில் பொய்யில்லை.

14. "அப்ப சுகரை எவ்வளவு கீழ இறக்கறமோ அவ்வளவு நல்லதுதானே?"

இங்கேதான் 2ஆம் விடையில் சொன்ன பிரிவினை பயன்படுகிறது. 1998இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில் 5,102 பேர் சேர்க்கப்பட்டிருந்தனர். மூன்று மாதச் சராசரியை 7 ஆக வைத்த தீவிர சிகிச்சைப் பிரிவில், அது 7.9 ஆக இருந்த வழக்கமான சிகிச்சைப் பிரிவைவிட நுண்குழாய்ச் சிக்கல்கள் 25 சதவீதம் குறைந்தன. மாரடைப்பு குறைந்தது 16 சதவீதம், அதுவும் தற்செயலாக நேர்ந்திருக்கலாம் என்ற ஐயத்தின் விளிம்பில். அதே ஆய்வில் இரத்த அழுத்தத்தை இறுக்கிப் பிடித்தவர்களுக்குப் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது.

அடுத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரிடம் நடந்த 'அக்கார்டு' ஆய்வு. நெடுநாள் நீரிழிவும் இதய அபாயமும் உள்ளவர்களின் சராசரியை 6.4 வரை இறக்கினார்கள். அந்தப் பிரிவில் 257 பேரும் மற்றப் பிரிவில் 203 பேரும் இறந்ததால், 2008 பிப்ரவரியில் அந்தத் தீவிர சிகிச்சையை நிறுத்தினார்கள். ஆகவே வயதானவருக்கும் இதயநோய் உள்ளவருக்கும் மருத்துவர் சற்றுத் தளர்வான இலக்கு வைத்தால் அது அலட்சியம் அன்று.

டென்மார்க்கின் 'ஸ்டெனோ' ஆய்வில் இருந்தவர்கள் 160 பேரே. சர்க்கரையோடு அழுத்தம், கொழுப்பு, புகை, உணவு எல்லாவற்றையும் ஒருசேரக் கவனித்த பிரிவில் இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகள் ஏறத்தாழ பாதியாயின. 21 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அவர்களின் ஆயுள் சராசரியாக 7.9 ஆண்டுகள் கூடியிருந்தது. சிறிய ஆய்வுதான் என்றாலும், எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சில புதிய சர்க்கரை மருந்துகள், ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்களில் இதயநோயால் நேரும் இறப்பைக் குறைப்பதாக 2015 முதல் ஆய்வுகள் காட்டியதும் பெரிய மாற்றம். யாருக்கு அது பொருந்தும் என்பது மருத்துவர் முடிவு.

15. "28 சதவீதம் குறையுதுன்னா நூறு பேர்ல 28 பேர் தப்பிச்சாங்கன்னுதானே அர்த்தம்?"

அப்படியன்று. 10ஆம் விடையின் எண்களையே எடுத்துக்கொள்வோம். நூறு பேரில் 55 பேருக்கு வரவிருந்தது, நடையாலும் உணவாலும் 39 பேருக்கு வந்தது. தப்பியவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேர். அந்தப் பதினாறை, துல்லியமாகச் சொன்னால் 15.7ஐ, 55ஓடு ஒப்பிட்டால் 28.5 சதவீதம் கிடைக்கிறது. செய்தித் தலைப்பில் வருவது இதுவே.

அச்சுறுத்தும் எண்ணுக்கும் இதே கதைதான். 'அக்கார்டு' ஆய்வில் இறப்பு 22 சதவீதம் கூடியது என்று எழுதினார்கள். நூற்றுக்கு 4 பேர் என்றிருந்தது 5 பேர் ஆனது. இரண்டுமே உண்மை. விளம்பரத்தில் பெரிய எண்ணும், பக்கவிளைவுப் பட்டியலில் சிறிய எண்ணும் வருவதை இனி நீங்களே கவனிப்பீர்கள்.

16. "நெட்டுல வயசு, பிபி போட்டா பத்து வருஷ ரிஸ்க் சொல்லுதே, நம்பலாமா?"

எந்த ஊர் மக்களை வைத்துச் செய்தது என்று பாருங்கள். ஃப்ராமிங்காம் கணக்கு பெரும்பாலும் வெள்ளையர் வாழ்ந்த ஓர் அமெரிக்க ஊரிலிருந்து வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் உலகை 21 வட்டாரங்களாகப் பிரித்துத் தெற்காசியாவுக்கென்று தனி அட்டவணை தந்திருக்கிறது. கொழுப்புச் சோதனை செய்யாதவர்களுக்கும் அதில் ஒரு வடிவம் உண்டு. நமக்கு அது கூடுதல் பொருத்தம்.

17. "எங்க தாத்தா முப்பது வருஷம் சுகரோட இருந்தாரு. தினம் மதியம் அல்வா. ஒண்ணும் ஆகலயே?"

தாத்தாவை நான் நம்புகிறேன். ஆனால் முப்பது ஆண்டு நோயோடு இருந்தவர்களைப் பற்றிப் பேசும்போது, முப்பது ஆண்டு வாழ்ந்தவர்களை மட்டுமே நம்மால் காட்ட முடிகிறது. பத்தாம் ஆண்டில் போனவரைப் பற்றி அல்வாக் கதை யாரும் சொல்வதில்லை. கப்ஸில் சேர்ந்தவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, நீரிழிவு உள்ளவர்களில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 18.9 இறப்பும் இல்லாதவர்களில் 5.3 இறப்பும் பதிவாயின.

இந்தக் குறை ஆய்வுகளுக்கும் உண்டு. ஒரே நாளில் சென்று எண்ணும் கணக்கெடுப்பு உயிரோடு இருப்பவர்களையே எண்ணுகிறது. கடுமையான சிறுநீரகப் பாதிப்பு 2.2 சதவீதம் என்று 6ஆம் விடையில் பார்த்தபோது, அது குறைவாக இருக்கிறதே என்று மகிழ்ந்தவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த நிலையை எட்டியவர்களில் சிலர் நாங்கள் கதவைத் தட்டும் முன்பே இறந்திருப்பார்கள். சிலர் மருத்துவமனையில் இருந்திருப்பார்கள். பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வுகளுக்கு ஆகும் செலவும் உழைப்பும் இதனால்தான் தகும்.

18. "கேள்விக்கெல்லாம் பதில் சொல்றேன், ரத்தம் மட்டும் குடுக்க மாட்டேன். சரியா அக்கா?"

சரிதான். எந்தக் கட்டத்திலும் மறுக்கவும், கையெழுத்திட்ட பிறகு விலகவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதனால் உங்கள் சிகிச்சைக்கு எந்தக் குறையும் வரக்கூடாது.

நாங்கள் கேட்டுக்கொள்வதெல்லாம் ஒன்றுதான்: மறுப்பதாக இருந்தாலும் உங்கள் வயதையும் பாலினத்தையும் குறித்துக்கொள்ள விடுங்கள். கப்ஸில் 1,399 பேரில் 137 பேர் கலந்துகொள்ளவில்லை. அவ்வாறு விடுபடுபவர்கள் எத்தகையவர் என்று தெரிந்தால்தான் கலந்துகொண்டவர்களின் எண் ஊருக்குப் பொருந்துமா என்று சொல்ல முடியும். பகல் பதினொரு மணிக்குச் சென்றால் பெண்களும் முதியவர்களும் மட்டுமே வீட்டில் இருப்பார்கள். வேலைக்குப் போகும் நாற்பது வயது ஆண்களைப் பிடிக்கத்தான் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, நீங்கள் காபி குடிக்கும் முன், வெறும் வயிற்றோடு இருக்கும்போதே வந்து நிற்கிறோம்.